கொடைக்கானலுக்கு நாள் குறித்தவன்

கிளிநொச்சியில் எங்கள் வயலுக்கு வியாழக்கிழமைகளில் மட்டுமே வாய்க்கால் தண்ணீர் கிடைக்கும். அந்த முறையைத் தவறவிட்டால் கதிர் தள்ளும் பயிர் வாடிவிடும். அதையே மறந்துவிட்டு, ஒரு வாரம் கொடைக்கானல் போய்வர நாள் குறித்த கெட்டிக்காரன் நான்.

தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடிய காலம். கப்பல், ரயில், பஸ் என்று எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிவைத்தேன். மனைவி ஏதோ சொல்ல வந்தபோது, "உமக்கு இதுகள் விளங்காது," என்று வாயை அடைத்தேன்.

புறப்படுவதற்கு முதல் நாள், வயல் வரம்பில் நின்றபோதுதான் நினைவு வந்தது. வீட்டுக்கு ஓடினேன்.

"பயணத்தை விடுவம். வியாழன் எங்கட தண்ணி முறையெல்லோ."

அவள் சேலையை மடித்தபடியே சொன்னாள்: "பக்கத்து வயல் அக்காவோட முறையை மாத்திப்போட்டன். நாளைக்கு விடியத் தண்ணி வரும். பாய்ச்சிப்போட்டுப் பின்னேரம் ரயில் ஏறுவம். அதைச் சொல்லத்தான் அண்டைக்கு வந்தனான்."

மறுநாள் வயலும் நிரம்பியது, ரயிலும் தவறவில்லை.

கொடைக்கானலில் அருவிக்கு முன்னால் குளிரில் நடுங்கியபடி, "இவ்வளவு தண்ணி, ஒருத்தரும் முறை பாக்காமல் ஓடுது," என்றாள்.

என் நகக்கண்ணில் இன்னும் வயல்சேறு இருந்தது. கொப்பியை அவள் கையில் கொடுத்து, "திரும்பிப் போற நாளை நீர் எழுதும்," என்றேன்.

அந்தக் கொப்பி இன்றுவரை அவளிடம்தான் இருக்கிறது.