மொட்டு உதிர்ந்த ஆர்க்கிட்டும் கோமதி அக்காவின் முழங்காலும்

காலையில் நர்சரி கேட்டைத் திறக்கும்போதே ஏகாம்பரம் அண்ணன் வாசலில் நின்றிருந்தார். சின்ன காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவர், பழைய வாடிக்கையாளர். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். மஞ்சளாக வாடிய இரண்டு ஆர்க்கிட் மொட்டுகள்.

“நேத்து ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணும்மா. விழுந்துக்கினே இருக்குது. எப்டினா நிறுத்திக் குடு. இல்லாங்காட்டி என் ஊட்டுக்காரி கட்டில விட்டே எறங்க மாட்டா.”

மொட்டு உதிர்ந்தால் மனுஷி ஏன் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது? எனக்கு வேலையைவிட இந்த மாதிரி கேள்விகள்தான் பிடிக்கும். உட்கார வைத்து விசாரித்தேன்.

அவர் மனைவி கோமதி அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது. வாக்கரைப் பிடித்துத் தினமும் நடக்காவிட்டால் கால் இறுகிப்போகும் என்று டாக்டர் எச்சரித்து அனுப்பியிருக்கிறார். அக்காவுக்கு வலியென்றால் பயம். படுக்கையறையில் இருந்த ஆர்க்கிட் அப்போதுதான் முதல்முறையாக ஸ்பைக் விட்டிருந்தது. ஸ்பைக் என்றால் பூத்தண்டு. “மொத மொக்கு மலரட்டும், அன்னிக்கு நடக்கறேன்” என்று சொல்லிவிட்டார். மொட்டுகள் உதிரத் தொடங்கியதும், “பூவே நிக்கல, நான் எங்க நிக்கறது?” என்று படுத்துவிட்டாராம்.

அன்றே வீட்டுக்குப் போனேன். மொட்டு உதிர்ந்தால் முதலில் வேரைப் பார்ப்போம். வேர் பச்சையும் வெள்ளியுமாகத் திடமாக இருந்தது, அழுகல் இல்லை. இலையில் சுருக்கம் இல்லை, பூச்சி இல்லை. ஜன்னல் வெளிச்சமும் போதும். தண்டை மட்டும் பட்டு நூலால் குச்சியோடு இறுக்கிக் கட்டியிருந்தார் அண்ணன். கோணலாக வளர்வதைத் தறிக்காரர் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை போலிருக்கிறது. அதைத் தளர்த்திவிட்டேன். எதிரே ஏசி ஓடியது. குளிர்காற்று நேராக அடித்தாலும் மொட்டு உதிரும் என்று சொல்லி, தொட்டியைக் காற்றுப் படாத பக்கமாக ஜன்னல் மேடையிலேயே நகர்த்தினேன்.

“இனிமே வுழாதில்ல?” என்றார் அக்கா.

“விழாதுக்கா” என்றேன். பெரிய டாக்டர் மாதிரி.

மறுநாளே அண்ணன் போன் செய்தார். இன்னொன்று விழுந்துவிட்டது. என் மானம் போனதுகூடப் பரவாயில்லை, காரணம் தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. திரும்பப் போனேன்.

நான் செடியைக் குடைந்துகொண்டிருக்கும்போது, அக்காவைப் பார்க்க ஒரு உறவுக்காரர் வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு கவர் ஆப்பிள். அண்ணன் வாங்கி நேராக ஜன்னல் மேடையில் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். அங்கே ஏற்கெனவே பழக்கவர்கள் குவிந்துகிடந்தன. அப்போதுதான் அந்த வாசனை மூக்கில் ஏறியது. கனிந்து கறுத்த வாழைப்பழத்தின் வாசனை.

“அண்ணா, காரணம் கெடச்சிடுச்சி!” என்று கத்தியேவிட்டேன்.

பழம் பழுக்கும்போது எத்திலீன் என்றொரு வாயு விடும். ஒரு பழுத்த பழத்தைக் காய்களோடு மூடிவைத்தால் எல்லாமே சீக்கிரம் பழுப்பது அதனால்தான். அதே வாயு ஆர்க்கிட் மொட்டை மஞ்சளாக்கி உதிர்த்துவிடும். ஏசிக்காகக் கதவு ஜன்னலெல்லாம் சாத்திய அறை வேறு.

உறவுக்காரர் கிளம்பிப் போனதும் அண்ணன் முழித்தார். “நோயாளிய பாக்க வெறுங்கையோட வரக்கூடாதுன்னு கொண்டாறாங்க. வேணாம்னு எப்டிமா சொல்றது?”

“எனக்கு ஆப்பிளே புடிக்காது” என்றார் அக்கா கட்டிலிலிருந்து. “எவன் கேட்டான்?”

பழத்தை வெளியேற்றினால் போதும். ஆனால் நான் தொட்டியையும் தூக்கினேன். கூடத்து ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்தேன்.

“ஏய், அங்க வெச்சா நான் எப்டி பாப்பேன்?”

“வந்து பாருங்க. வாக்கர் சும்மாதான நிக்குது?”

“நீ செடிக்கு வைத்தியம் பாக்க வந்தியா, எனக்கா?”

“செடிக்குத்தான்க்கா. அதுக்குக் காத்தோட்டம் வேணும்.” பாதி உண்மை. அவர் திட்டியது தெருவரைக்கும் கேட்டது.

சில நாள் கழித்து அக்காவே போன் செய்தார். “மிச்சம் இருந்ததும் வுழுந்துடுச்சிமா.”

ஏற்கெனவே வாயு பட்ட மொட்டைக் காப்பாற்றுவது கஷ்டம்தான். “அண்ணன் சொன்னாரா?” என்று கேட்டேன்.

“அவுரு எங்க பாக்கறாரு, தறியிலயே கெடக்கறாரு. நான்தான் காத்தால எய்ந்து போயி பாத்தேன். அத வுடு. தண்டுல ஒரு கணுவுல பச்சையா அரிசி கணக்கா ஒண்ணு வந்துக்கினு இருக்குது. நேத்து பாத்தப்ப இல்ல. இன்னா அது?”

கிளை ஸ்பைக்காகவும் இருக்கலாம், குட்டிச்செடியாகவும் இருக்கலாம், தினமும் பார்த்தால்தான் தெரியும் என்றேன். அது மட்டும் முழு உண்மை.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்: மொட்டு உதிர்ந்தால் செடியை மட்டும் பார்க்காதீர்கள். அந்த அறைக்கு யார் வருகிறார்கள், என்ன கொண்டுவருகிறார்கள் என்று பாருங்கள். ‘விழாது’ என்று மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

மாதங்கள் போன பிறகு, நர்சரி வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. கோமதி அக்கா இறங்கி, ஜல்லி போட்ட பாதையில் மெதுவாகத் தனியாகவே நடந்து வந்தார். வாக்கர் இல்லை. கணுவில் வந்தது பூ இல்லை, குட்டிச்செடிதானாம். வேர் நன்றாக விட்டிருக்கிறதாம். அதற்கு ஒரு தொட்டி வேண்டும் என்றார்.

“மொத பூ மலர்ந்தாத்தான் நடப்பேன்னீங்களேக்கா? இன்னும் ஒண்ணுகூட மலரலியே?”

“அதுக்காவ பாத்துக்கினே உக்காந்திருக்க முடியுமா?” என்று சொல்லிவிட்டு, தொட்டிகள் அடுக்கியிருந்த பக்கம் நடந்தார்.