மேலே என்றால் எந்தப் பக்கம்

கண்டியில் சைக்கிள் என்பது பாதி வழி நாம் தள்ளிக்கொண்டு போகிற சாமான். மீதி வழி அது நம்மைத் தள்ளிவிடப் பார்க்கும். மாநகர சபையில் கிளார்க்காக இருந்த காலம் முழுவதும் நான் அப்படித்தான் வேலைக்குப் போய் வந்தேன். காலையில் பிரேக்கைப் பிடித்தபடி இறங்குவேன், மாலையில் மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு ஏறுவேன். அதை நான் சைக்கிள் ஓட்டுவது என்றுதான் நினைத்திருந்தேன்.

என் மனைவி யாழ்ப்பாணத்துக்காரி. அதைக் கேட்டால் அவளுக்குச் சிரிப்பு வரும். பள்ளிக்கூடம், டியூஷன், கோயில், கல்யாண வீடு என்று எங்கேயும் சைக்கிளில் போய் வளர்ந்தவள். பேராதனை ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக வந்து, என்னைக் கட்டிக்கொண்டு, ரோட்டிலிருந்து படியிறங்கிப் போக வேண்டிய எங்கள் வீட்டுக்குள் நுழைந்த பிறகு சைக்கிளைத் தொட்டதே இல்லை. "இது சைக்கிள் ஓடுற ஊரே? ஆடு ஏறுற ஊர்," என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

எங்கள் இரண்டு பேர் தமிழும் வேறு என்பது பழகிப்போன விஷயம். பழகாமல் கிடந்தது திசைதான். கண்டிக்காரனுக்கு உலகத்தில் இரண்டே திசை: மேல, கீழ. கடை கீழ, கோயில் மேல, மேல் வீட்டு அக்கா, கீழ் வீட்டு முதலாளி. அவளுக்கோ நாலு திசையும் வேண்டும், வீட்டுக்குள்ளேயும் வேண்டும். "தெற்குப் பக்கக் கதவைப் பூட்டுங்கோ," என்பாள். நான் எல்லாக் கதவையும் பூட்டிவிட்டு வருவேன். "மேற்காலை இருக்கிற கதிரையிலை என்ரை கண்ணாடி கிடக்குது, எடுத்துத் தாங்கோ," என்றால், கண்ணாடி தட்டுப்படும் வரை ஒவ்வொரு நாற்காலியாகத் தடவ வேண்டியதுதான்.

இன்னொன்றும் உண்டு. லீவில் யாழ்ப்பாணம் போகும்போது "வீட்டை போறன்" என்பாள், அதாவது வீட்டுக்கு. அங்கிருந்து திரும்பும்போது "கண்டிக்குப் போறன்" என்பாள். மகளைப் பெற்று, வளர்த்து, கொழும்பில் கட்டிக்கொடுத்த பிறகும் அது மாறவில்லை. நான் கேட்டதில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் காதில் விழும்.

அவள் பென்ஷன் வாங்கிய வருஷம் முழங்கால் பிடிவாதம் பிடிக்கத் தொடங்கியது. எங்கள் வீட்டுப் படிக்கட்டுக்கு ஈவிரக்கம் கிடையாது. அதே நேரத்தில் யாழ்ப்பாணத்திலிருக்கும் அவள் தம்பி, அம்மா அப்பாவின் வீட்டைத் திருத்துவதாக இருந்தான். அக்கா வந்து இருப்பதென்றால் முழுதாக இடித்துக் கட்டலாம், இல்லையென்றால் வாடகைக்கு விடுகிற அளவுக்குச் சரிசெய்யலாம், சீக்கிரம் சொல்லு என்றான். நான் பெரிய மனுஷன் மாதிரி, "நீ எங்க சொல்றியோ அங்க இருப்போம்," என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். பிறந்ததிலிருந்து ஒரு மலையில் சாய்ந்துகொண்டே இருந்தவன் நான். சாய எதுவும் இல்லாத ஊரில் போய் என்ன செய்வேன்?

அப்போதுதான் என்னோடு வேலை செய்த ஒருவர் ஹசலக்கப் பக்கத்துக் கால்வாய்க் கரையைப் பற்றிச் சொன்னார். பதினெட்டு வளைவு இறங்கினால் மலை முடிந்துவிடும். மினிப்பேயிலிருந்து வருகிற கால்வாய், கரையோடு கிரவல் பாதை, பக்கத்தில் கண்ணுக்கெட்டிய வரை வயல், ஒரு மேடு கிடையாது என்றார். கண்டியிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பலாம். உடனே என் மூளை வேலை செய்தது. சமதரைதானே அவளுக்கு வேண்டும்? அதைக் காட்டிவிட்டால் யாழ்ப்பாணம் எதற்கு? லஞ்சம் என்று சொன்னாலும் பரவாயில்லை.

கட்டுகஸ்தோட்டையில் தடித்த டயர் போட்ட சைக்கிள் இரண்டு வாங்கினேன். பழைய வேனின் பின் சீட்டைக் கழற்றி உள்ளே படுக்கவைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். "இந்த வயசிலை எனக்கென்னத்துக்கு?" என்று வளைவுக்கு வளைவு சொல்லிக்கொண்டு வந்தாள்.

கால்வாய்க் கரையில் சைக்கிளை இறக்கி வைத்தேன். ஹேண்டிலைத் தடவிப் பார்த்தாள். மணியை ஒரு தரம் அடித்தாள். நான் தண்ணீர் போத்தலை எடுக்க வேனுக்குள் குனிந்து நிமிர்வதற்குள் ஆளைக் காணோம். கிரவல் சரசரக்க, முதுகு நேராக, தூரத்தில் போய்க்கொண்டிருந்தாள். கல்யாணம் கட்டி இத்தனை காலமாக அவளை நான் சைக்கிளில் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முழங்கால் நோவும் பென்ஷனும் அந்த முதுகில் எங்கேயும் தெரியவில்லை. கண்ணை எடுக்க முடியாமல் நின்றேன்.

பிறகு நானும் ஏறினேன். ஏறியதும் என் குட்டு உடைந்தது. கண்டியில் கஷ்டப்பட்டு ஏறினால் இறக்கம் வரும், காலைத் தூக்கி வைத்துக்கொண்டு காற்று வாங்கலாம். சமதரையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மிதிப்பதை விட்டால் கிரவல் பிடித்து இழுத்து நிறுத்திவிடும். போகவும் மிதிக்க வேண்டும், வரவும் மிதிக்க வேண்டும். பழக்கதோஷத்தில் என் விரல் இரண்டும் பிரேக்கிலேயே இருந்தன. "அதை விடுங்கோ, இஞ்சை ஒருத்தரும் உங்களை உருட்டிவிட மாட்டினம்," என்று முன்னாலிருந்து சத்தம் வந்தது.

அதன் பிறகு மழை இல்லாத ஞாயிறெல்லாம் கீழே இறங்கினோம். கால்வாயில் குளிக்கிறவர்கள் எங்களுக்குக் கை காட்டப் பழகிவிட்டார்கள். நெல் காயப்போட்ட இடத்தில் இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவோம். யானை லத்தியைக் கண்டால் நான் திரும்பலாம் என்பேன், அவள் அது காய்ந்த லத்தி என்பாள். வயல் நடுவே மரநிழலில் பார்சலைப் பிரித்து இடியப்பமும் சம்பலும் சாப்பிடுவோம். "பனை மட்டும்தான் இல்லை," என்று ஒரு நாள் சொன்னாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். பிறகு யோசித்தால், அது பாராட்டா ஏக்கமா என்று பிடிபடவில்லை.

தம்பி அவசரப்படுத்திய வாரத்து ஞாயிறு. மேசன் வந்து நிற்கிறான், திங்கட்கிழமைக்குள் சொல்லு என்றிருந்தான். அவள் காலையிலிருந்து அதைப் பற்றிப் பேசவில்லை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு என் கால் ஒத்துழைக்க மறுத்தது. அவளுக்கு இன்னும் கொஞ்சம் போக ஆசை.

"நான் திரும்பிடுறேன். நீ சுத்திட்டு மேல பாலத்துக்கு வா," என்றேன்.

"ஓம், ஓம்," என்று போய்விட்டாள்.

மேல பாலம் என்று நான் சொன்னது, தண்ணீர் வருகிற பக்கம், எங்கள் வேன் நிற்கிற பாலம். அங்கே போய்ச் சேர்ந்து, பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணியைக் குடித்து, காத்திருந்தேன். வெயில் சாயத் தொடங்கியது. அவள் வரவில்லை. லேண்ட்மாஸ்டர் டிராக்டரில் வைக்கோல் ஏற்றிக்கொண்டு வந்த ஒருவர் நிறுத்தி, இந்த நேரத்துக்கு மேல் இங்கே நிற்க வேண்டாம், யானை தண்ணிக்கு வரும் என்று சிங்களத்தில் சொன்னார். மனைவி வர வேண்டும் என்றேன். கரைப்பாதையில் யாரையும் காணவில்லையே என்றார். போனை எடுத்தேன்.

"எங்க இருக்க?"

"நீங்கள் சொன்ன பாலத்திலைதான் நிக்கிறன். நீங்கள் எங்கை?"

"நானும் பாலத்துல தான் நிக்கிறேன். மேல பாலம்."

"மேலை எண்டுதானே சொன்னனீங்கள். மேற்கை திரும்பி வந்து, சின்ன வாய்க்கால் பாலத்திலை நிக்கிறன். ஒருத்தரும் இல்லை."

மேல என்று நான் சொல்ல, அவள் மேற்கு என்று எடுத்திருக்கிறாள். மேடே இல்லாத ஊரில் மேல் என்றால் வேறு எதை நினைப்பாள், பாவம்.

"அங்கேயே நில்லு, நான் வர்றேன்," என்றேன்.

"வேண்டாம். நீங்கள் வந்தால் ரெண்டு பேரும் துலைஞ்சு போவம். நான் வாறன். வடக்கை பாத்துக்கொண்டு நில்லுங்கோ."

"வடக்கு எது?"

சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது.

"வெயில் இடது கன்னத்திலை படுற மாதிரித் திரும்புங்கோ. அதுதான் வடக்கு. அப்பிடியே நில்லுங்கோ, அதாலைதான் நான் வருவன்."

திரும்பி நின்றேன். இடது கன்னத்தில் வெயில் சுட்டது. எதிரே கால்வாய் நேராகப் போனது, அதற்கப்பால் வயல், அதற்கப்பால் வெறும் வானம். எங்கள் வீட்டில் சமையலறை ஜன்னல் ஒன்று இருக்கிறது. தினமும் காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு அவள் அதனருகில்தான் நிற்பாள். வெளியே பார்க்க ஒன்றுமில்லை, ஒரு பாசி பிடித்த மண் கட்டு. என்ன பார்க்கிறாய் என்று கேட்டால் சும்மா என்பாள். அந்த ஜன்னலில் காலை வெயில் எந்தக் கன்னத்தில் படும் என்று பாலத்தில் நின்று கணக்குப் போட்டேன். வலது கன்னம். அதுவும் வடக்குதான். அப்படியென்றால் அவள் இத்தனை வருஷமும் மண் கட்டைப் பார்க்கவில்லை. நான் லஞ்சமாகக் கொடுத்த கிரவல் பாதை ரொம்பச் சின்ன சமாச்சாரமாகிவிட்டது. வந்ததும், முழுதாகவே கட்டச் சொல், போய்விடுவோம் என்று சொல்லிவிடத் தீர்மானித்தேன்.

தூரத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. மணிச்சத்தம் கேட்டது. வந்தவள் சைக்கிளிலிருந்து இறங்காமல், ஒரு காலை ஊன்றிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் இன்னும் கன்னத்தைத் திருப்பாமல் நின்றுகொண்டிருந்தேன்.

"உங்களை யாழ்ப்பாணம் கூட்டிக்கொண்டு போனால், ஒவ்வொரு சந்தியிலையும் நான் வந்தெல்லோ மீட்க வேணும்," என்றாள்.

நான் சொல்ல வந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் போன் அடித்தது. தம்பி. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, வீட்டை நிக்கிறியே?"

"இல்லையடா. நாங்கள் கீழை வந்து நிக்கிறம்."

"கீழையோ? எதுக்குக் கீழை?"

"கீழைதான்ரா. இனி மேலை ஏற வேணும். வீட்டை போய்ச் சேர ராவாகும். மேசன் மினக்கெட வேண்டாம், இப்பவே சொல்லிவிடு. கூரையையும் கிணத்துக் கட்டையும் பாத்தால் காணும். வாடகைக்கு விடுவம். எங்களுக்கு வந்து தங்க ஒரு அறை விடு."

அவன் இன்னும் ஏதோ கேட்டான். அவள் பதில் சொன்னாள். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. அவள் பேசியதில் மேலை, வீட்டை என்ற இரண்டு சொல்லும் இடம் மாறிக் கிடந்தது அவளுக்கே தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

சைக்கிள்களை வேனில் ஏற்றினோம். மலை முன்னால் கறுத்துக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில் எனக்குச் சாவியைப் போடக்கூடத் தெரியவில்லை, அதே சமயம் அவளைப் பார்க்கக் கஷ்டமாகவும் இருந்தது.

"வடக்கு எந்தப் பக்கம்?" என்றேன்.

திரும்பிப் பாராமல், தோளுக்கு மேலாகக் கையைத் தூக்கிப் பின்னால் காட்டினாள்.

"அப்ப நாம போறது எந்தப் பக்கம்?"

"மேலை," என்றாள்.