அஞ்சல அக்கா எந்த டைப்பு?

கப்பு சாசரத் தட்டிப் பாத்து, சத்தத்துலயே விரிசலக் கண்டுபுடிக்கிறது தாங்க பீங்கான் கம்பெனியில என் வேல. மனுசனையும் அப்படித் தட்டிப் பாருன்னு சொன்னாங்க பாருங்க, அன்னைக்கு மாட்டுனேன். "நீங்க எந்த டைப்பு"ன்னு கேட்டு உங்களையும் எங்கயாவது நோகடிச்சிருப்பாங்க. உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

செல்லு சொல்லும் சாதகம்

புதுசா வந்த மேனேஜர் மேடம் ஒரு செல்லக் குடுத்தாங்க. அதுல வரிசையா கேள்வி. நான் படிக்கணும், ஆளுங்க சொல்ற பதில அமுக்கணும். இவரு கலகலன்னு பழகுற டைப்பு, இவரு ஒதுங்கியே இருக்குற டைப்புன்னு கடைசியில அதுவே சொல்லிடும். எட்டாவதோட ஸ்கூலுக்கு டாட்டா காட்டுன என்னைய ஏன் புடிச்சாங்கன்னா, எல்லாரு மாதிரியும் பேசிக் காட்டுற வாயி எனக்குத் தானாம்.

எல்லாம் ஒரு ஷோரூமுக்காக. ரோட்டு மேல தொறக்குறாங்க, கலகல டைப்பு யாரோ அவங்களுக்கு அந்த வேல. நாற்காலி உண்டு, ஃபேனு உண்டு. சூளையிலேருந்து சூடா சாமான் எறக்குற அஞ்சல அக்காவுக்கு அது மேலயே கண்ணு. அந்தக் கண்ணு தான் சூட்டுல எரியுது, வேற வேல பாருன்னு டாக்டரு சொல்லிட்டாரு. அக்கா தெம்பா இருந்துச்சு. "எனக்கு எதுக்குடா டெஸ்ட்டு, என் வாயி வேப்பூரு வரைக்கும் கேக்கும்!"

பஸ்ஸா, பந்தியா?

மொதல்ல மாட்டுனவரு லோடு ஏத்துற கன்னியப்பண்ணன். நாளு பூரா நாலு வார்த்த பேசாத ஆளு. "கூட்டத்துல இருக்கப் புடிக்குமாண்ணே?" "எந்தக் கூட்டம்? சேத்தியாத்தோப்பு பஸ்ஸா, கல்யாணப் பந்தியா?" "அதெல்லாம் இதுல போடலண்ணே." "அப்பப் பந்தின்னே வச்சுக்க. ரொம்பப் புடிக்கும்." எல்லாக் கேள்விக்கும் பந்திய நெனச்சே பதில் சொன்னாரு. செல்லு கலகல டைப்புன்னு போட்டுடுச்சு. ஷோரூம் உனக்குத் தாண்ணேன்னதும் மனுசனுக்கு வேர்த்துடுச்சு. "வாங்க வரவன் பேச்சுக் குடுத்தா, நான் பின்பக்கமா ஓடிடுவேன் கோபாலு!"

மேடம் பக்கத்துல

அக்காவோட மொற வந்தப்பன்னு பாத்து மேடமே சேரப் போட்டு உக்காந்துட்டாங்க. அக்கா முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டு நின்னுச்சு. நான் செல்லப் பாத்துப் படிச்சேன். "தெரியாதவங்க கிட்ட நீங்களா போயி பேசுவீங்களா?" "அய்யோ, இல்லீங்க." "கூட இருக்குறவங்க கிட்ட அரட்டை அடிக்கப் புடிக்குமா?" "சத்தியமா இல்லீங்க மேடம்." நான் கண்ணக் காட்டுறேன், கால மிதிக்கிறேன், ஊஹூம். செல்லு கைய விரிச்சுடுச்சு: ஒதுங்கியே இருக்குற டைப்பு.

மேடம் அந்தாண்ட போனதும் என் முதுகுல ஒண்ணு வுழுந்துச்சு. "வேல நேரத்துல பேசுவேன்னு மேனேஜர் முன்னாடியே எவடா ஒத்துக்குவா?"

வேப்பூரு அம்மா

அப்படியே வுட முடியுமா? மறுநாளு மேடத்தக் கெஞ்சிக் கூத்தாடி அட்டப்பொட்டி அடுக்குக்குப் பின்னாடி நிக்க வச்சேன். இந்தாண்ட அக்கா கப்பு அடுக்கிக்கிட்டு இருந்துச்சு. நான் தலையில துண்டப் போட்டு, இடுப்புல கைய வச்சு, சாமான் வாங்க வந்த அம்மாவாட்டம் மூக்காலயே ஆரம்பிச்சேன். "ஏம்மா, இந்தக் கப்புக்கா இம்மாம் வெல? எங்க வேப்பூருல பாதி வெலைக்குத் தரான்!"

அக்கா சிலுத்துக்கிட்டுத் திரும்புச்சு. "அங்கயே வாங்கிக்கயேன்! டீய ஊத்தித் தூக்குனா புடி உன் கையில இருக்கும், டீ உன் மடியில இருக்கும். இதத் தட்டிப் பாரு, மணியாட்டம் பேசும். இப்படி உக்காரு. வூட்டுல மருமவ இருக்குறாளா? அப்ப ஆறா எடுத்துக்க, கோவத்துல அவ வீசுனாலும் ஒண்ணாவது மிஞ்சும்!"

பொட்டி அடுக்கு குலுங்குச்சு. மேடம் வாயப் பொத்திக்கிட்டு வெளிய வந்தாங்க. அக்கா சடக்குன்னு முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டு, "நான் பேசவே இல்லீங்க மேடம்"னுச்சு. மேடம் சொன்னாங்க: "திங்கக்கிழமையிலேருந்து ஷோரூமுக்கு வந்து, இதே மாதிரி பேசாம இருங்க."

இப்பல்லாம் என்னைய எந்த டைப்புன்னு யாராவது கேட்டா, பொட்டிக்குப் பின்னாடி யாரு நிக்கிறாங்கன்னு எட்டிப் பாத்துட்டுத் தாங்க வாயத் தொறக்குறேன்.