மானியத்துக்குப் போட்ட சோலார்

எங்கள் ஊரில் மாதம் ஒரு நாள் பகலில் கரண்ட் இருக்காது. மின்கம்பியில் உரசும் தென்னை ஓலைகளையும் ரப்பர் கிளைகளையும் வெட்டிவிட, காலை ஒன்பது மணியிலிருந்து இரண்டு வரை நிறுத்திவைப்பார்கள். முந்தின நாள் பேப்பரில் ஊர்ப் பெயர்கள் வரும். பல வருடங்களாக நான் பேப்பரை விரித்ததும் தேடியது அந்த மூலையைத்தான். என் மகளுக்குப் பதினைந்து வயது, நுரையீரலில் பழுது. ஆக்சிஜன் மெஷினைக் கழற்றினால் ஒரு மணி நேரம் தாங்குவாள், அதற்கு மேல் முடியாது. கரண்ட் நிற்கும் நாளில் இன்வெர்ட்டர் பேட்டரியைச் சரிபார்த்துவிட்டு, நானும் லீவு போட்டு அவளோடு இருப்பேன்.

மெஷின் ராப்பகலாக ஓடியதில் பில் தாங்க முடியாமல் போனது. கூரையில் சோலார் வைத்தால் அரசு மானியம் உண்டு என்று கேள்விப்பட்டு, புதுக்கடை டவுனில் சோலார் விற்கும் ஒரு கடைக்குப் போனேன்.

"பேடிக்காண்டாம் எக்கா, ஒண்ணும் பயப்படாண்டாம். மானியத்துக்கு உள்ள பேப்பரெல்லாம் நான் பாத்துக்கிடுதேன். பழைய இன்வெர்ட்டர் கெடக்கா? எக்ஸ்சேஞ்சுல எடுத்துக்கிடலாம்" என்றார் கடைக்காரர்.

"பில்லு எவ்வளவு கொறையும்?"

"ரீடிங் எடுக்க வாறவன் மீட்டரைப் பாத்து நாணப்படுவான்."

சிரித்துவிட்டேன். மானியம் எப்போது வரும் என்றும் கேட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை. கூரையில் வெயில் அடிக்கும்போது கீழே வீட்டில் எப்படிக் கரண்ட் இல்லாமல் போகும்? பழைய இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் கொடுத்துவிட்டு, மகளிடம் சொன்னேன்: "இனி பகல்ல கரண்டே போவாது மக்கா."

அதோடு பேப்பரின் அந்த மூலையைப் பார்ப்பதையும் விட்டேன்.

ஒரு நாள் கண் கூசும் வெயில். கணவர் வளைகுடாவில், வீட்டில் மகள் மட்டும். நான் நாகர்கோவிலில் அலுவலகத்தில் இருந்தேன். ஒன்பது மணிக்குத் தெருவோடு சேர்ந்து எங்கள் வீட்டிலும் கரண்ட் நின்றது. எங்களுக்குப் போட்ட சோலார், வெளிக்கம்பியில் கரண்ட் இல்லாவிட்டால் தானும் நின்றுவிடுகிற வகை. கம்பத்தில் ஏறியிருப்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி. மகள் மூன்று தடவை போன் செய்திருக்கிறாள். நான் போனை மேஜையில் வைத்துவிட்டு அதிகாரியின் அறையில் நின்றுகொண்டிருந்தேன்.

குளச்சலில் இருந்து ஸ்கூட்டரில் மீன் கொண்டுவரும் அம்மாதான் அவளைப் பார்த்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"ஏட்டி, சாளை வேணுமான்னு சத்தம் போட்டுட்டே வாறேன். பிள்ளை வாசப்படியில சாஞ்சு கெடக்கு. வாய்ச் சுண்டெல்லாம் நீலம். நாவல்பழமா தின்னேன்னு கேட்டுட்டேன் பாத்துக்கோ. எனக்க மாதாவே, என்ன கேள்வி கேட்டேன்!"

அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன ஆக்சிஜன் சிலிண்டரின் வால்வைத் திருக மகளுக்குப் பலம் போதவில்லை. திருகித் திறந்தது அந்த அம்மாவின் கை. மாஸ்கில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

மகள் பிழைத்துவிட்டாள். ஆனால் இனி மெஷினைக் கழற்றவே கூடாது என்றார் டாக்டர். முன்பெல்லாம் குளிக்கும்போதாவது கழற்றுவாள்.

சண்டை போடலாம் என்று கடைக்குப் போனேன். நான் கையெழுத்திட்ட தாளைக் கடைக்காரர் எடுத்துக் காட்டினார். தெளிவாகத் தமிழில் அச்சிட்டிருந்தது: வெளியே மின்சாரம் இல்லாத நேரத்தில் இது இயங்காது. "நீங்க படிச்ச ஆளாச்சே எக்கா, வாசிச்சிருப்பியன்னு நெனச்சேன்" என்றார். கேலியாகச் சொல்லியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அவர் முகமும் வெளிறித்தான் இருந்தது.

மறுபடியும் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கி வைத்துவிட்டேன். நேற்று மத்தியானம் ஃபேன் ஒரு நொடி தயங்கிச் சுழன்றது. மகள் மூக்குக் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல மக்கா, பேட்டரி இருக்கு."

"அன்னைக்கும் போவாதுன்னுதானம்மா சொன்னே. பொய்யா சொன்னே?"

"பொய்யில்ல. தெரியாம சொல்லிட்டேன்."

அடுத்த வார்த்தைக்கு அவளுக்கு மூச்சு சேர வேண்டியிருந்தது.

"இப்ப தெரிஞ்சா சொல்லுதே?"

பேட்டரியோடு வந்த புத்தகத்தை மூன்று முறை வரி விடாமல் படித்திருக்கிறேன். இருந்தும் அதை மறுபடியும் எடுத்து, முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.