க்ரீம் கலருக்கு விழுந்த ஹார்ட்டுகள்

புது யூனிபார்ம் கைக்கு வந்தால் ஒரு நர்ஸ் என்ன செய்வாள் தெரியுமா? முதலில் குந்தி உட்கார்ந்து பார்ப்பாள். கட்டிலுக்கடியில் தொங்கும் மூத்திரப் பையைக் காலி செய்யக் குந்தித்தானே ஆக வேண்டும்! அப்புறம் சலைன் பாட்டில் மாட்டுவதுபோல் இரண்டு கைகளையும் தூக்கி, வயிறு தெரிகிறதா என்று பக்கத்திலிருப்பவளைக் கேட்பாள். பாக்கெட்டில் கத்தரி, பேனா, பிளாஸ்திரி எல்லாம் போட்டுக் குனிவாள். நோயாளி முகத்தில் எதுவும் விழக் கூடாது. கடைசியாகத் துணிக்குள் கையை விட்டு, வெளியே தெரிகிறதா என்று ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடிப்பாள். கல்கத்தாவில் காளிகாட் பக்கம் நான் வேலை பார்க்கும் தனியார் ஆஸ்பத்திரியில் நாங்கள் எல்லோரும் இப்படித்தான்.

எனக்கு இதற்கெல்லாம் முன்னால் நிறம் முக்கியம். கர்ப்பப்பையில் கட்டி. மாதவிலக்கு வந்தால் ரத்தம் கொட்டிப் படும் பாட்டைச் சொல்லி மாளாது. வார்டை விட்டு நினைத்த நேரத்தில் பாத்ரூமுக்கு ஓட முடியுமா? பழைய ஸ்க்ரப்ஸ், அதாவது சட்டையும் பேண்ட்டும், கருநீலம். அந்த நிறத்தை நம்பித்தான் அந்த நாட்களிலும் லீவு போடாமல் கார்டன் ரீச்சிலிருந்து பஸ் ஏறி வந்துகொண்டிருந்தேன்.

அதில்தான் மண் விழுந்தது. புதிதாக வந்த மேனேஜர் க்ரீம் கலரில் ஒரு செட் தைத்து வரவழைத்தார். நான் கொஞ்சம் உயரம் என்பதால் போட்டுக் காட்டச் சொல்லிக் கூப்பிட்டார்கள். போட்டேன். வழக்கம்போல் குந்தப் போனேன்.

"என்ன பண்றீங்க, சிஸ்டர்? நேரா நில்லுங்க. சிரிங்க" என்று மேனேஜர் போனை நீட்டிப் படம் எடுத்தார்.

"சார், துணி ரொம்ப மெல்லிசு. பேண்ட்டாவது கருநீலமா இருக்கட்டும்."

"க்ரீம்தான் பேஷண்ட் கண்ணுக்கு இதமா இருக்கும். சரி, குரூப்ல போடறேன். எல்லாரும் என்ன சொல்றாங்கன்னு பாப்போம்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. எங்கள் பெண்கள் விடுவார்களா, கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார்கள் என்று நிம்மதியாக வார்டுக்குத் திரும்பினேன்.

படத்தைப் போட்டு 'எப்படி இருக்கிறது?' என்று கேட்டிருந்தார். வந்து குவிந்தது பாருங்கள் ஹார்ட்! சிவப்பு ஹார்ட், கண்ணில் ஹார்ட் வைத்த பொம்மை, கைதட்டல். என்னோடு தினமும் டீ குடிக்கும் சீனியர் வங்காளி அக்கா, எங்கள் திதி, 'ஹீரோயின்!' என்று வேறு எழுதியிருந்தாள். எங்கள் குரூப்பில் யார் படம் வந்தாலும் கேள்வியே கிடையாது, கை தானாக ஹார்ட்டை அழுத்திவிடும். நானும் அப்படித்தான் அழுத்துவேன். வீட்டில் அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "ஏண்டி, மகாலட்சுமி மாதிரி இருக்கியேடி!" என்று பெரம்பூர் அத்தைக்கு அனுப்பிவைத்தாள். அங்கிருந்தும் ஒரு ஹார்ட்.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் சிரித்த முகமாக வந்தார். "பாத்தீங்களா சிஸ்டர், ஒருத்தர்கூட வேணாம்னு சொல்லல. ஆர்டர் குடுத்தாச்சு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் நேராக அந்த திதியிடம் போனேன். "எதுக்கு திதி ஹார்ட் போட்ட?"

"ஆரே பாபா, உனக்குப் போட்டேன்! பேண்ட்டுக்கா போட்டேன்?"

எல்லோருமாகத் திரண்டு போய் மேனேஜரிடம் நிறத்தை மாற்றச் சொன்னோம். துணி வெட்டியாகிவிட்டதாம். அவ்வளவுதான், முடிந்தது கதை.

புது உடை வந்த மாதமே நடந்தது. பெண்கள் வார்டில் காலை ரவுண்டு. ஒரு கட்டிலருகே குந்தி எழுந்தேன். முட்டி ஆபரேஷனுக்கு வந்திருந்த வங்காளி அம்மாள் என் கையைப் பிடித்து இழுத்து, "மா, அந்தப் பக்கம் திரும்பாதே. பின்னாடி கறை, என் பிள்ளை நிக்கறான்" என்று காதோரம் சொன்னாள். தன் சால்வையை எடுத்து அவளே என் இடுப்பில் சுற்றிவிட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. வெட்கமா அது? வயிற்றெரிச்சல்! படித்துப் படித்துச் சொன்னேனே!

உடை மாற்ற வரவேற்பறை வழியாகத்தான் போக வேண்டும். அங்கே சுவரில் என் படத்தையே பெரிதாக அடித்து மாட்டியிருந்தார்கள், ஈயென்று சிரித்துக்கொண்டு. அதன் கீழே மேனேஜர் நின்றிருந்தார்.

"என்ன சிஸ்டர் இது, சால்வை? யூனிபார்ம் மேல எதுவும் கட்டக் கூடாது. எடுங்க."

எடுத்தேன். எடுத்துவிட்டு, அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன்.

"இப்ப ஒரு ஹார்ட் போடுங்க, சார்."

மறுநாள் நான் என் பழைய கருநீலத்தைப் போட்டுக்கொண்டு போனேன். இன்றுவரை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஆனால் எனக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. மற்றவர்களுக்கு இன்னும் அதே க்ரீம்தான். வார்டுக்குள் நுழையும் முன் ஒருத்தி இன்னொருத்திக்கு முதுகைக் காட்டி, "கொஞ்சம் பாரேன், ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறாள்.