வெட்டவெளியில் நின்ற டிராக்டர்

மைசூரில் மழை பிடித்துக்கொண்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு பால் பவுடர் டப்பா. மேல்காகிதம் உரிந்து, விளிம்பெல்லாம் துருவேறிய பழைய தகர டப்பா. நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் ஒரு மினி டிராக்டர் இருந்தது. அதன் என்ஜினுக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் புகைக்குழாயின் வாயில் அந்த டப்பாவைக் கவிழ்த்து வைப்பார் எங்கள் டிராக்டர் டிரைவர். காலையில் வந்ததும் அதை எடுத்து, டயரில் இரண்டு தட்டுத் தட்டிப் பூச்சியை உதறி, டூல் பெட்டிக்குள் வைத்துவிட்டுத்தான் சாவியைத் தொடுவார். சாயங்காலம் குழாய் ஆறும்வரை பக்கத்துக் கல்லில் உட்கார்ந்திருந்து, மறுபடி கவிழ்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார். ஆபீஸ் ஜன்னலிலிருந்து தினமும் இதைப் பார்ப்பேன். "என்ன அண்ணா, வண்டிக்குக் குல்லா போட்டாச்சா?" என்று கிண்டல் செய்வேன். அவர் சிரிக்க மாட்டார். "இதுக்குள்ள மழத்தண்ணி எறங்குச்சுன்னா நேரா என்ஜினுக்குத்தானுங்க சார் போவும். அப்பறம் எத்தன பேரு வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்பார். இதை என் இரண்டு காதாலும் ஒருமுறை அல்ல, பலமுறை கேட்டிருக்கிறேன். அதனால்தான் எனக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை.

அவர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அதனால் நான் அண்ணா என்பேன். ஆபீஸ் மேனேஜர் என்பதால் அவர் என்னை சார் என்பார். நான் மைசூர் மண்டி மொஹல்லாவிலேயே பிறந்து வளர்ந்த கிறிஸ்தவத் தமிழன். எங்கள் வீட்டில் பேசுவது பாதி கன்னடம், மீதியில் பாதி இங்கிலீஷ். "ஏனுங்க சார், தமிழா கன்னடமா, ஏதாச்சும் ஒண்ணுல நில்லுங்க" என்று அவர் அலுத்துக்கொள்வார். ஊரின் எல்லையில் ஏழெட்டு ஏக்கரில் பரந்து கிடந்த பள்ளிக்கூடம் அது. விளையாட்டு மைதானப் புல்லை வெட்ட, தென்னைக்கு இடையில் உழ, மெஸ்ஸுக்குக் காய்கறி மூட்டை இழுக்க, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வண்டிதான். அவருக்கும் அது ஒன்றுதான். பேச்சுத் துணைக்குக்கூட அவர் வேறு ஆளைத் தேடிப் போனதில்லை.

முதலில் டிராக்டருக்கு ஷெட் இருந்தது. தாளாளர் புதுக் கார் வாங்கியதும் அந்த ஷெட் காருக்குப் போனது. "டிராக்டர் வயலில் நிற்கிற வண்டிதானே, வெளியே நின்றால் என்ன" என்று கன்னடத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த உத்தரவை டைப் செய்து கொடுத்தவன் நான்தான். டிரைவர் என்னிடம் வந்து நாலு தகர ஷீட்டும் நாலு கம்பமும் மட்டும் கேட்டார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அவர் எழுதித் தந்த காகிதத்தை ஃபைலில் போட்டேன். அடுத்த வருஷமும் அதையேதான் சொன்னேன். அவர் வெட்டவெளியிலேயே வண்டிக்கு ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். மரத்தடியில் விட மாட்டார். மழை விட்டாலும் மரம் விடாது, சொட்டிக்கொண்டே இருக்கும் என்பார். மேடான இடமாகப் பார்த்து, டயருக்கு அடியில் பலகைக்கல் பரப்பினார். நடுவில் ஒரு மூங்கிலைக் கட்டி, தண்ணீர் தேங்காமல் இரண்டு பக்கமும் வழிகிற மாதிரி தார்ப்பாயைப் போர்த்தினார். புகைக்குழாய் குத்திக் கிழிக்காமலிருக்க அந்த இடத்தில் மட்டும் வட்டமாக வெட்டி, குழாயை வெளியே விட்டு, அதன் தலையில் டப்பாவைக் கவிழ்த்தார். தார்ப்பாயைத் தரைவரை இழுத்து இறுக்கிக் கட்டலாமே என்று ஒருநாள் நான் மேதாவி மாதிரி யோசனை சொன்னேன். "கட்டுனா உள்ளாற வேர்த்துப் போயி துரு ஏறுமுங்க. அடியில காத்துப் போவோணும்" என்றார். லீவு நாட்கள் நீண்டால் பேட்டரி வயரைக் கழற்றி வைப்பார், டீசல் டேங்கை நிரப்பி வைப்பார். ஒன்றையும் மறந்து நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு, அவர் மகளுக்குப் பிரசவ வலி கண்டு கொள்ளேகாலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகப் போன் வந்தது. ஏதோ சிக்கல் என்றார்கள். கையிலிருந்த கிரீஸைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் அவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். ஓடுகிற ஓட்டத்திலும் வண்டியை மூடிவிட்டுத்தான் போனார். தார்ப்பாயை இழுத்துவிட்டு, எம்பி அந்த டப்பாவைக் குழாயில் கவிழ்த்ததை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

மைசூரில் ஆயுத பூஜையன்று குளிக்காத மனிதர் இருக்கலாம், குளிக்காத வண்டி இருக்காது. வருஷா வருஷம் பள்ளிக்கூட பஸ்களோடு டிராக்டரையும் அலங்கரித்து நிறுத்துவது டிரைவரின் வேலை. அவர் இல்லாததால் அந்தப் பொறுப்பை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். கிறிஸ்தவன் பூஜையில் என்ன செய்துவிடப் போகிறான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதென்ற வீம்பு எனக்கு. விடிந்ததும் தேவராஜ மார்க்கெட்டுக்குப் போய் செவ்வந்திச் சரமும் வாழைக்கன்றும் எலுமிச்சையும் பூசணிக்காயும் ஆட்டோ கொள்ளாமல் வாங்கி வந்தேன். தார்ப்பாயை எடுத்து, வண்டியைக் கழுவி, மாலை போட்டு, தாளாளருக்கு அனுப்ப ஒரு போட்டோ எடுத்தேன். படத்தில் எல்லாம் ஜோராக இருந்தது, உச்சியில் அந்தத் துருப்பிடித்த டப்பாவைத் தவிர. அதை எடுத்து டூல் பெட்டிக்குள் போட்டுவிட்டு, குழாயின் கழுத்தில் செவ்வந்திச் சரத்தைச் சுற்றி இன்னொரு போட்டோ எடுத்து, அதையே அனுப்பினேன். தாளாளர் மெச்சிக்கொண்டார். பூசணிக்காய் உடைத்து, கடலையும் பொரியும் பங்கிட்டுக் கொடுத்து, பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே தார்ப்பாயை இழுத்துப் போர்த்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். டப்பா பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

அன்று மாலையே மழை தொடங்கியது. நாலு நாள் விடாத மழை. சாமுண்டி மலையே கண்ணுக்குத் தெரியவில்லை. வீட்டில் காபி குடித்துக்கொண்டு மழையை ரசித்தேன். என் புத்தியில் ஒன்றும் உறைக்கவில்லை. மழை விட்டதும் மைதானத்தில் விழுந்து கிடந்த கிளைகளை இழுக்க வேண்டுமென்று தாளாளர் அவசரப்பட, டிரைவர் இன்னும் திரும்பாததால் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர் டிராக்டரைக் கிளப்பப் போனார். சாவியைத் திருப்பியதும் என்ஜினுக்குள் இரும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். மெக்கானிக் வந்து பிரித்துப் பார்த்தார். குழாய் வழியாக இறங்கிய தண்ணீர் உள்ளே தேங்கி, பிஸ்டன் ராடு வளைந்து, என்ஜின் பிளாக்கிலும் விரிசல் விட்டிருந்தது; இனி சரிசெய்ய முடியாது என்றார். மூடி எங்கே என்று தேடினார்கள். டூல் பெட்டியில், டிரைவர் எப்போதும் வைக்கிற இடத்தில் இருந்தது. அவசரத்தில் போனவர் மூடாமல் போய்விட்டார் என்று பஸ் டிரைவர் சொன்னார், மெக்கானிக் சொன்னார், நான் அனுப்பிய போட்டோவிலும் மூடி இல்லையே என்று தாளாளர் முடிவே கட்டிவிட்டார். நானும் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். என் போனிலிருந்த முதல் போட்டோவில் டப்பா குழாயின் மேல் தெளிவாகத் தெரிந்தது. பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அதை அழித்தேன்.

மறுநாள் அவர் பேத்தி பிறந்த சந்தோஷத்தில் மைசூர்பாகு டப்பாவோடு வந்தார். கவனக்குறைவுக்கு விளக்கம் கேட்கிற மெமோவை நான் தயாராக டைப் செய்து வைத்திருந்தேன். கன்னடத்தில் இருந்ததை அவர் வாய்விட்டு மெதுவாக இரண்டு முறை படித்தார். போய் வண்டியைப் பார்த்துவிட்டு வந்து என் மேஜை முன்னால் நின்றார். "மூடிட்டுத்தான் போனனாட்ட இருக்குதுங்க சார். நீங்க சன்னல்ல இருந்தீங்களே, பாத்தீங்களா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "கவனிக்கலை அண்ணா" என்றேன். அவர் மெமோவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்ப நாந்தான் மறந்திருப்பனாட்ட இருக்குது" என்று சொல்லி, மெமோவில் கையெழுத்துப் போட்டார். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

அவரைக் கேட் வாட்ச்மேனாகப் போட்டார்கள். கேட்டிலிருந்து பார்த்தால் டிராக்டர் நிற்கிற இடம் நேராகத் தெரியும். இரண்டு மாதம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிப் போய்விட்டார். அதற்குப் பிறகு வண்டியை மூட யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த மழைக்காலத்தில் சீட்டில் பாசி படர்ந்தது, எலி வயரைக் கடித்தது. கடைசியில் பழைய இரும்புக்கு ஏற்றிப் போனார்கள். இப்போது அந்த மேட்டைச் சமமாக்கி சிமெண்ட் பூசி, மேலே பளபளப்பான கூரை போட்டு கார்கள் நிறுத்துகிறார்கள். அவர் கேட்ட நாலு ஷீட்டைப் போல நாற்பது ஷீட் இருக்கும் அந்தக் கூரையில்.

நான் ரிடையராகி இரண்டு வருஷம் கழித்து, சென்ற மாதம் பஸ் டிரைவர் போன் செய்து, டிராக்டர் டிரைவர் அண்ணன் இறந்து பதினைந்து நாளாகிறது என்றார். மறுநாளே கொள்ளேகாலத்துக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து ஹனூர் போய், வழி கேட்டு அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். சுற்றிலும் மல்பெரித் தோட்டம். அவருடைய மனைவி என்னை உட்கார வைத்து, மோர் கொடுத்துவிட்டு, எதிரே தரையில் உட்கார்ந்தார். பேச்சு தானாகவே அங்கே வந்து நின்றது.

"மூடாம வந்துட்டனே, மூடாம வந்துட்டனேன்னு கடசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தாருங்க. அடுப்ப அணைச்சயா, கதவச் சாத்துனயான்னு நாளைக்குப் பத்து தரம் கேப்பாருங்க. எந்திரிச்சுப் போயிப் பாத்துப்போட்டு வந்து மறுக்காவும் கேப்பாருங்க. நா மறதிக்காரன், என்னய நம்பி எதையும் உடாதன்னு அவரே சொல்லுவாருங்க."

மோர் டம்ளரைக் கீழே வைத்தேன். "அவர் மூடிட்டுத்தான் போனார் அம்மா. அந்த மூடியை எடுத்தது நான். மறந்ததும் நான்" என்றேன். போட்டோவை அழித்ததையும் சொன்னேன். அந்த அம்மா அழவில்லை. திட்டவுமில்லை, திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.  எழுந்து தோட்டத்துப் பக்கம் போய், மல்பெரி வரிசைக்குள் மினி டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த மகனைக் கூப்பிட்டார்.

"வண்டிய நிறுத்திப்போட்டு வாடா. இந்த சார் ஒண்ணு சொல்றாரு. நீயும் கேளு."

மகன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். அச்சு அசல் அப்பாவின் முகம். எல்லாவற்றையும் முதலிலிருந்து இன்னொரு முறை சொன்னேன். முதல் தடவையைவிட இரண்டாம் தடவை சொல்வது கஷ்டமாக இருந்தது. கேட்டு முடித்ததும் அவர் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தார்.

"நா இந்த வண்டி வாங்கி நாலு வருசமாச்சுங்க" என்றார். "ஒரு தரம், ஒரே ஒரு தரம் ஓட்டிப் பாக்கறன்டான்னு எங்கப்பாரு கேட்டாருங்க. உனக்குத்தான் மறதின்னு சொல்லி, நாஞ் சாவி குடுக்கலீங்க."