லூயிசா வரைந்த குழந்தை

லூயிசா படம் போட்ட பாலபாடப் புத்தகங்கள் எதிலும் அவள் பெயர் கிடையாது. அச்சுக்கூடத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், முன்னுரை எழுதிய பாதிரியாரின் பெயர் பட்டங்களோடு இருக்கும். படம் போட்டவளை யார் கேட்டார்கள்? கோலார் தங்கவயலில் அந்தப் புத்தகத்தை வைத்து எழுத்துப் படித்தவர்களுக்கே அது தங்கள் டீச்சரம்மாவின் கைவேலை என்று தெரியாது.

பெரிய பஞ்சத்தில் தாய் தகப்பனை வாரிக்கொடுத்துவிட்டு, வேலூர்ப் பக்கம் ஒரு மிஷன் விடுதியில் வளர்ந்தவள் அவள். பூத்தையலுக்கு ரோஜாப்பூ வரையச் சொன்னால், அதைத் தின்ன வரும் ஆட்டையும் சேர்த்து வரைந்து திட்டு வாங்குவாள். பிறகு சுரங்கத்தில் ஷிப்டுக் கணக்கு எழுதும் சுந்தரராஜுக்கு வாழ்க்கைப்பட்டு, தங்கவயலில் ஊரிகம் என்ற பகுதிக்கு வந்தாள். கல்யாணச் சேலையின் மடிப்பு கலையுமுன்னே ஷாப்டில், அந்தச் சுரங்கக் குழியில், கல் சரிந்து அவன் போய்ச் சேர்ந்தான். பரிதாபப்பட்டு மிஷன் பள்ளியில் டீச்சர் வேலை கொடுத்தார்கள்.

அப்போது அவளுக்கு ஆதரவாக இருந்தது பக்கத்து வீட்டுப் பார்வதம்மாதான். சுரங்கத்தார் வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடுகள் அன்றைக்கு வெறும் மூங்கில் தட்டிகள். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் சுக்கு இடிப்பார்கள். பார்வதம்மாவுக்கு முதல் இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதாக ஒரு பெண் பிறந்ததும், எமனை ஏமாற்ற அதைக் குப்பைமேட்டில் போட்டுப் புரட்டி, வேறொருத்தி கையால் எடுக்க வைத்து, தவிட்டைக் கொடுத்து வாங்கிக்கொண்டாள். அப்படிக் குப்பையிலிருந்து எடுத்து விற்ற அந்த வேறொருத்தி லூயிசா. பாதிரியாருக்குத் தெரிந்தால் தொலைந்தோம் என்று நடுங்கிக்கொண்டேதான் செய்தாள். பிள்ளைக்குக் குப்பு என்று பெயர் வைத்தார்கள்.

குப்புவுக்கு மூன்று வயதாகும்போது பள்ளியை நடத்திய துரைசானிக்கு ஒரு யோசனை வந்தது. சீமைப் படங்களில் உள்ள பனிக்கட்டியும் தொப்பி போட்ட பிள்ளைகளும் இங்கே யாருக்கும் புரியவில்லை. நம் பிள்ளைகளுக்கு நம் படங்களே வேண்டும். வரைய லூயிசா இருக்கவே இருந்தாள். 'அ'வுக்கு அம்மி, 'ஆ'வுக்கு ஆடு என்று மளமளவென்று போட்டாள். 'கு' வந்தபோது குழந்தை என்று எழுதிவிட்டு, நேரே அடுத்த வீட்டுக்குப் போனாள்.

பார்வதம்மா தயங்கினாள். "படம் எழுதினா ஆயுசு கொறையும்ன்றாங்களே, லூயிசா. எனக்குப் பயமா கீது."

"நான் எழுதினா எப்படிக்கா கெடுதல் வரும்?"

"நீன்றதாலதான் ஒத்துக்கிறேன். ஆனா கன்னத்துல மைப் பொட்டு வெச்சிக்கீறேன் பாரு, அதையும் எழுதிடணும். ஊரு கண்ணெல்லாம் படப்போவுது."

லூயிசா தலையாட்டினாள். உட்கார வைத்தால் ஓடுகிற குழந்தையை, வெல்லக்கட்டி கொடுத்து உட்கார வைத்து வரைந்தாள். கன்னத்துப் பொட்டோடு, வெல்லம் ஒட்டிய வாயோடு குப்பு அப்படியே காகிதத்தில் சிரித்தாள். அதற்கு முன்னும் பின்னும் லூயிசா அவ்வளவு நல்ல படம் போட்டதில்லை.

துரைசானி படத்தைப் பார்த்துவிட்டு, "இது என்ன கறை?" என்று கேட்டாள். கண்ணேறு படாமலிருக்க வைக்கிற பொட்டு என்றாள் லூயிசா. "கிறிஸ்தவப் பள்ளிப் புத்தகத்தில் அது ஆகாது. எடுத்துவிடு."

பேனாக்கத்தியால் லூயிசாவே சுரண்டி எடுத்தாள். மறுத்தால் புத்தகம் வேறு கைக்குப் போய்விடும் என்ற பயம். தன் படம் அச்சில் வர வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அடுத்த வீட்டுக்காரியிடம் அதை மறைத்தாளே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. புத்தகம் வந்ததும் பார்வதம்மா படத்தைத் தடவிப் பார்த்து, "பொட்டு எங்க?" என்றாள். "அச்சுல விழல போலக்கா" என்று சொல்லிவிட்டாள் லூயிசா.

அடுத்த வருஷம் பிளேக் வந்தது. குப்புவுக்கு அக்குளில் கட்டி கண்டதும் ஊருக்கு வெளியே கொட்டகைக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே பிள்ளை கண்மூடியபோது முகம் பார்க்கக்கூடத் தாயை விடவில்லை. நோய் பரவாமலிருக்க வீட்டுத் தட்டிகளைப் பிரித்துப் போட்டுச் சாமான் சட்டோடு கொளுத்தினார்கள். புத்தகமும் அதில் போயிற்று.

லூயிசா தாங்கமாட்டாமல் போய், "பொட்டை நான்தான்க்கா சுரண்டினேன்" என்று அழுதாள். பார்வதம்மா திட்டவில்லை. எழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அதோடு பேச்சு நின்றது.

படத்தால் பிளேக் வராது என்று லூயிசாவின் வேதமும் சொல்லிற்று, புத்தியும் சொல்லிற்று. மனசுதான் கேட்கவில்லை. குப்புவை வரைந்த மூலப் படத்தை அடுப்பில் போட்டாள். கணக்குப் புத்தகத்துக்கும் கதைப் புத்தகத்துக்கும் படம் கேட்டார்கள். மாடு, மாங்காய், ரயில்வண்டி எல்லாம் போட்டாள். குழந்தையை மட்டும் போடவில்லை. துரைசானி அதட்டிப் பார்த்து ஓய்ந்துபோனாள்.

பாலபாடம் மட்டும் வருஷாவருஷம் அச்சாகி வந்தது. பிள்ளைகள் கைபட்ட புத்தகம் வருஷம் திரும்புமுன் நார்நாராகிவிடும், அதனால் புதிது வந்துகொண்டே இருக்கும். புதுப் புத்தகம் கொடுக்கிற நாளில் பார்வதம்மா பள்ளி வேலியோரம் வந்து நிற்பாள். ஏதாவது ஒரு பிள்ளையிடம் புத்தகத்தை வாங்கி, ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுப் போய்விடுவாள். லூயிசா ஜன்னல் வழியே பார்ப்பாள். தன்னைச் சபிக்கத்தான் வருகிறாள், அந்தப் படம் ஆறாத புண்ணைக் கிளறுகிறது என்று எண்ணிக்கொண்டாள். கடைசியில் துரைசானியைச் சம்மதிக்க வைத்து, புத்தகம் அச்சாகும் பெங்களூர் அச்சுக்கூடத்துக்கு ஆள்மூலம் சொல்லியனுப்பி, குழந்தையை எடுத்துவிட்டுக் குதிரையைப் போடச் செய்தாள். கல் அச்சில் அது சுலபம். குப்பு இருந்த கல்லையே தேய்த்து வழவழப்பாக்கி, அதன்மேல் குதிரையை ஏற்றினார்கள். நல்லது செய்துவிட்டோம் என்று அவளுக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது.

அந்த வருஷமும் பார்வதம்மா வந்தாள். பக்கத்தைத் திறந்தாள். முன்னே புரட்டினாள், பின்னே புரட்டினாள். பிறகு புத்தகத்தோடு நேரே வகுப்புக்குள் வந்தாள்.

"கொழந்தய எங்க, டீச்சரம்மா?"

அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் வார்த்தை. லூயிசா எழுந்து நின்றாள். "பாக்கப் பாக்க உனக்கு வேதனையா இருக்கும்னு நான்தான்க்கா எடுக்கச் சொன்னேன்."

"இன்னா காரியம் பண்ணிட்ட! அவ மூஞ்சி எனக்கு மறந்து மறந்து போவுது. வருசத்துக்கு ஒருவாட்டி இங்க வந்துதான் பாத்துக்கினு போவேன். எங்கியும் இல்லாதவ இதுல ஒண்ணுலதான் இருந்தா. இதுலேந்தும் தொரத்திட்டியே!"

லூயிசா கைக்குக் கிடைத்த காகிதத்தை இழுத்து, வகுப்புப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்க, அங்கேயே வரையத் தொடங்கினாள். கண்ணைப் போட்டாள், அழித்தாள். வாயைப் போட்டாள். பார்வதம்மா குனிந்து வெகுநேரம் உற்றுப் பார்த்தாள்.

"இது யாரு?" என்று கேட்டாள்.

லூயிசாவுக்கும் தெரியவில்லை.